ஒன்பது நிமிடம் பதினாறு நொடி

மதியம் இரண்டே முக்காலுக்கு ஜெரால்டின் கண்விழித்தபோது கைப்பேசி அவள் கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் கிடந்தது. அதன் விளிம்பு கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து வந்த வெயில் அறை முழுவதையும் தேநீர் நிறமாக்கியிருந்தது. பன்னிரண்டு மாடிக்குக் கீழே, பிரிக்பீல்ட்ஸ் சாலைச் சந்திப்பில், பார்வையற்றவர்கள் கடந்து போவதற்காக வைத்திருக்கும் விளக்குக் கம்பம் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கனவிலும் கேட்டது. அங்கே அது வார்டில் யாருடைய இதயத்தையோ எண்ணிக்கொண்டிருந்தது. மருத்துவமனை லிப்ட் திறந்ததும் வெளியே கடல். ஈர மணலில் நர்சுகளின் மேசையைப் போட்டிருந்தார்கள். அலை மேசைக் கால்களைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்க, யாரோ ஒருத்தி டெலிபோனை நீட்டி, "டாக்டர், கால்" என்றாள். அதன் பிறகு கனவில் ஒன்றுமில்லை.

கைப்பேசியில் மாதவியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஒன்று முப்பத்தொன்றுக்கு அனுப்பியது. "நீங்க சொன்ன மாதிரியே செய்றேன் டாக்டர். மூணு நாளா இருந்த பாரம் எறங்கிருச்சு. தேங்க்யூ."

ஜெரால்டின் அதை இரண்டு முறை படித்தாள். தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். மாதவி, உள்வந்த அழைப்பு, ஒன்று பதினான்கு. ஒன்பது நிமிடம் பதினாறு நொடி.

ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

இது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கிள்ளானில் அந்த அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு வந்து அவளுக்குப் பதினோரு வருடங்கள். ஆன்-கால் முறையில் இருக்கும்போது வார்டிலிருந்து எந்த நேரமும் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட முதல் மணியிலேயே கை கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துவிடும். ரத்த அழுத்தம் எவ்வளவு, சிறுநீர் போகிறதா, பொட்டாசியம் எப்போது எடுத்தது என்று வாய் வரிசையாகக் கேட்கும். மருந்தையும் அளவையும் சொல்லும். மறுநாள் நோயாளியின் தாளில் தன் பெயரைப் போட்டு எழுதியிருப்பதைப் பார்த்து, இதை நான் எப்போது சொன்னேன் என்று நின்று யோசித்திருக்கிறாள். தவறாகச் சொல்லியிருந்ததில்லை. சொன்னவள் வேறு ஒருத்தி என்றும், அவள் தன்னைவிட நிதானமானவள் என்றும் ஒருமுறை தோன்றியதுண்டு. ஆனால் அதெல்லாம் பொட்டாசியமும் இன்சுலினும். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றித் தூக்கத்தில் ஒன்பது நிமிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

மாதவி எதற்காகக் கூப்பிட்டிருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. நேற்று மாலை நான்கு மணிக்கு, வார்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவிலிருக்கும் நடைபாதையில், மாதவி கைப்பேசியை நீட்டி ஒரு கடிதத்தைக் காட்டினாள். அதே வார்டில் இளம் மருத்துவர், இருபத்தாறு வயது. மூன்று வருட ஒப்பந்த வேலை. இப்போது நிரந்தரப் பணி கிடைத்திருக்கிறது, சபாவில், தாவாவ் நகரில். இன்று, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏற்றால் அடுத்த மாதம் கடல் தாண்டிப் போக வேண்டும். மறுத்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ஒப்பந்தம் முடிகிறவரை இங்கே இருக்கலாம், அதற்குப் பிறகு ஷா ஆலமில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை தயாராக இருக்கிறது. மாதவிக்கும் சுகுமாறனுக்கும் ஜூனில் கல்யாணம். அவன் ஷா ஆலமில்தான் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர்.

"சுகுமாறன் என்ன சொல்றாரு?" என்று ஜெரால்டின் கேட்டிருந்தாள்.

"உன் இஷ்டம்னு சொல்லிட்டாரு, டாக்டர்." மாதவி சிரிக்க முயன்றாள். "அதான் பிரச்சினை."

அப்போது அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. "நாளைக்குப் பேசலாம்மா" என்று மாதவியின் தோளைத் தட்டிவிட்டுப் போனவள், இன்று காலை பதினொரு மணிக்குப் பணி முடியும்வரை அந்தப் பெண்ணை ஒருமுறைகூட நினைக்கவில்லை. கிள்ளானிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே தூங்கினாள். வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றினாள். அதுவரை நினைவிருக்கிறது.

இப்போது அவள் மாதவியை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். "கூப்பிடும்மா, அவசரம்" என்று எழுதினாள். அந்த வரிக்கு அருகில் இரண்டு சாம்பல் நிறக் குறிகள் விழுந்து, நீலமாகாமல் அப்படியே இருந்தன.

'போ' என்று சொல்லியிருப்பேனா? 'போகாதே' என்றா? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டையும் தன் குரலில் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் தன்னுடையதுபோலவே கேட்டன. விழித்திருக்கும்போது அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் மருத்துவமனை அரங்கில் இளம் பெண் மருத்துவர்களுக்கு வேலையும் வாழ்க்கையும் பற்றி அவளைப் பேச அழைத்திருந்தார்கள். திரையில் காட்ட இருபத்திரண்டு படங்கள் தயாரித்திருந்தாள். உதவி கேட்கத் தயங்காதீர்கள், தூக்கத்தைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள், துணைவரோடு மனம் விட்டுப் பேசுங்கள். கடைசிப் படத்தில் ஒரு மரம். எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கும் அந்த வயதில் நிறையப் பேர் நிறையச் சொல்லியிருந்தார்கள். தேர்வுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடு என்றார் மாமா. கல்யாணத்துக்கு முன்னால் தேர்வை முடித்துவிடு என்றார் பிரிவுத் தலைவர். அறுவைச் சிகிச்சைப் பக்கம் போகாதே, பிள்ளைக்கு உன் முகம் மறந்துவிடும் என்று சொன்னவர் ஒரு பெண் அறுவைச் சிகிச்சை நிபுணர். சொல்லும்போது அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

வரவேற்பறையில் அவள் கணவன் லியோனல் சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகளை விரித்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அவனுடைய காப்பீட்டு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடும். அவளைப் பார்த்ததும் காதிலிருந்ததைக் கழற்றினான்.

"எழுந்துட்டியா? சோறு மூடி வெச்சிருக்கேன்."

"லியோ, நான் தூக்கத்துல போன் பேசினேனா?"

"பேசுனே. ஒன்னேகால் மணி இருக்கும்."

"என்ன பேசினேன்?"

"கதவு சாத்தியிருந்துச்சு லா. எனக்கும் மீட்டிங்." அவன் யோசித்தான். "தண்ணி எடுக்க வந்தப்போ கடைசியில கொஞ்சம் கேட்டுச்சு. 'நான் வரேன்'ன்னு சொன்னே. 'நான் வர்ற வரைக்கும் யாரும் கையெழுத்து போட வேணாம்.' ஏதோ வார்டுன்னு நெனச்சேன். நீ எந்திரிச்சு ஓடலையேன்னு எட்டிப் பார்த்தேன். வாய தொறந்துட்டு தூங்குறே."

ஜெரால்டின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று அடிக்க ஐந்து நிமிடம். ஐந்து மணிக்குள் பதில். அந்தப் பெண் இன்று விடுப்பில் டெங்கிலில், தன் அம்மா வீட்டில், கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மருத்துவமனையில் 'வருகிறேன்' என்பது மற்ற இடங்களில் சொல்வதைப் போன்றதல்ல. அந்தச் சொல்லைக் கேட்டதும் நர்ஸ் விளக்கைப் போடுவாள், உறவினர்களிடம் டாக்டர் வருகிறார் என்று சொல்வாள், அதுவரை கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பதினோரு வருடத்தில் அதைச் சொல்லிவிட்டு ஜெரால்டின் போகாமல் இருந்ததில்லை.

"கார் சாவி எங்க?"

"நீயா? போஸ்ட்-கால்லயா?" லியோனல் எழுந்தேவிட்டான். நான்கு வருடத்துக்கு முன் ஃபெடரல் நெடுஞ்சாலையின் சிவப்பு விளக்கில் அவள் தூங்கிப்போய், பின்னால் நின்ற லோரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "அக்கா, உசிரோட இருக்கீங்களா?" என்று கேட்டதிலிருந்து ஆன்-காலுக்கு மறுநாள் அவள் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "நான் ஓட்டுறேன். சமந்தாவ ஸ்கூல்லேர்ந்து அக்கா கூட்டிட்டு வரட்டும்." தன் அக்கா செசிலியாவுக்கு அவன் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜெரால்டின் செருப்பைத் தேடினாள். முகம் கழுவவில்லை. சோறு மூடியபடியே இருந்தது.

ஜும்மா தொழுகை முடிந்து ஊர் மறுபடி சாலைக்கு வந்திருந்தது. கார் முதல் அரை மணி நேரம் நகரவேயில்லை. அதற்குள் அவள் மாதவியின் கதையை அவனிடம் சொல்லி முடித்தாள். கண்ணாடிக்கு வெளியே எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் மெதுவாக நடந்தது. ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த தோரண மாலை காற்றில் எழுந்து எழுந்து அமர்ந்தது. வெள்ளைக் கோல் பிடித்த ஒருவர் நடைபாதையின் மஞ்சள் கோட்டில் சீராகத் தட்டிக்கொண்டு போனார். காரைவிட வேகமாகப் போனார். தூங்காத உடம்புக்கு எல்லா ஒலியும் ஒரே தூரத்திலிருந்து வரும். லியோனல் பேசுவதும் வானொலியில் விளம்பரம் பேசுவதும் அவளுக்குச் சமமாகவே கேட்டன.

"நீ என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறே?" என்று அவன் கேட்டான்.

"தெரியல."

"போகச் சொல்லியிருப்பியா?"

நெடுஞ்சாலையில் ஏறியதும் கார் வேகம் பிடித்தது. எட்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. கடல் தாண்டி, கூச்சிங்கில் இதய மருத்துவப் பயிற்சி, மூன்று வருடம். நாடு முழுவதும் ஆறு இடங்கள்தான், அதில் ஒன்று. மகள் சமந்தாவுக்கு அப்போது ஏழு மாதம். அன்றும் ஒரு வெள்ளிக்கிழமை. லியோனல் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "உன் இஷ்டம் ஜெரி. நீ என்ன சொன்னாலும் எனக்கு ஓக்கே" என்றான். நல்ல மனதோடு சொன்னான். அதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகமில்லை. பிள்ளை தோளில் ஏப்பம் விட்டது, அவன் அதை மாற்றி மறுதோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அறையில் அவளும் அந்தக் கடிதமும் மட்டும் இருந்தார்கள். மறுப்பதற்கு ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது. அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. வருத்தமாக இருந்தால் ஒரு நாள் அழுது முடித்திருப்பாள். சில சமயம் ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும்போது, தேவைக்கும் அதிகமாகக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுவாள். அவ்வளவுதான்.

"போகாதேன்னு சொல்லியிருந்தா, நான் பொறாமை புடிச்சவ" என்றாள் கடைசியில். கண்ணை மூடியிருந்தாள். "போன்னு சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

"உன்கிட்ட சொல்ல வேண்டியத அவகிட்ட சொல்லியிருக்கேன்னு அர்த்தம்."

லியோனல் வானொலியை அணைத்தான். பிறகு, "சில நாள் நீ தூக்கத்துல பேசுவே" என்றான். "நர்ஸுகிட்ட பேசுற மாதிரி. 'எக்கோ எடுத்தீங்களா, அந்த வால்வு எப்படி இருக்கு'ன்னு. உங்க ஆஸ்பத்திரியில அந்த ஹார்ட் வேல நீ பாக்கறதில்லையேன்னு நெனைப்பேன்."

"எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"தூங்குறவள எழுப்பி என்ன சொல்றது?" அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "முழிச்சிருக்கும்போது நீ ஒன்னும் கேக்கல. நானும் கேக்கல."

புத்ராஜெயாவைத் தாண்டியதும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் வந்தன. கார் ஓட ஓட மரங்களின் வரிசைகள் திறந்து, நீண்ட இருட்டுச் சந்து ஒன்றைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டன. மறுபடி திறந்தன. ஒவ்வொரு சந்தின் முடிவிலும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது வானமாக இருக்க வேண்டும். ஜெரால்டினுக்கு அது கடல் என்று பட்டது. கடல் இந்தப் பக்கம் கிடையாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி மாதவியை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. நேரம் நான்கு இருபத்தெட்டு.

மாதவியின் வீடு டெங்கில் டவுனுக்குச் சற்று வெளியே, தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களுக்காகக் கட்டிய ஒற்றை மாடி வரிசை வீடுகளில் மூலை வீடு. முன்னால் துத்தநாகத் தகரக் கூரை போட்ட போர்ட்டிக்கோ. அதன் ஓரத்தில் கொடி கட்டி, மருத்துவமனையின் கருநீல உடுப்புகள் நான்கைந்து காய்ந்துகொண்டிருந்தன. கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் மேசையில் மடிக்கணினி திறந்திருக்க, மாதவி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். கார் கேட்டருகே நின்றதும் எழுந்தாள். முகத்தில் வியப்பில்லை.

"வந்துட்டீங்களா டாக்டர்" என்றாள், வார்டில் கேட்பதைப் போலவே.

மாதவியின் அம்மா குமுதா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை செய்பவள். நெற்றியில் வியர்வையும் திருநீறும் கலந்திருந்தன. "வாங்க வாங்க. இவ சொன்னா, டாக்டர் வருவாங்கன்னு. நான் நம்பல. கிள்ளான் எங்க இருக்கு, டெங்கில் எங்க இருக்கு, ஒனக்காக வருவாங்களாடின்னேன்." ஜெரால்டினின் கையைப் பிடித்தாள். "நீங்க வந்தது கூட பெருசில்ல. இவள சோறு திங்க வெச்சீங்களே, அதுக்குக் கும்புடு போடணும். மூணு நாளா கோழி மாதிரி கொத்திக்கிட்டு திரிஞ்சா. இன்னிக்கு மத்தியானம் ரெண்டு தட்டு. அப்பறம் போன என்கிட்ட குடுத்துட்டு ஒரு மணி நேரம் தூக்கம். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பூஜை ரூம்ல. டாக்டர்தான் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களாம்."

"நானா?"

"நீங்கதான் டாக்டர்" என்றாள் மாதவி.

குமுதா குடிக்க ஏதாவது கலக்கப் போனாள். லியோனல் உட்காராமல் கேட்டில் சாய்ந்து நின்றான். ஜெரால்டின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் வெள்ளைப் பக்கம், அதன் அடியில் மலாய் மொழியில் ஏற்கிறேன் என்று ஒரு பொத்தான், மறுக்கிறேன் என்று ஒரு பொத்தான். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மூலையில் நேரம் நான்கு முப்பத்தொன்பது.

"மாதவி, நான் என்ன சொன்னேன்?"

மாதவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "நான் அழுதுட்டே கூப்ட்டேன். எடுத்ததும், 'மூச்சு விட முடியுதா'ன்னு கேட்டீங்க. முடியுதுன்னேன். 'முழு வாக்கியமா பேச முடியுதா?' முடியுதுன்னேன். 'அப்போ டைம் இருக்கு'ன்னீங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "'பக்கத்துல யாரு இருக்கா'ன்னு கேட்டீங்க. அம்மான்னேன். அவங்கள அங்கேயே இருக்கச் சொன்னீங்க. 'காலையிலேர்ந்து என்ன சாப்ட்டிருக்கு?' ஒன்னும் இல்லன்னேன். திட்டுனீங்க. 'மொதல்ல அதப் பாரு. அப்பறம் ரெஸ்ட். யார் போன் பண்ணாலும் எடுக்காதே, சொந்தக்காரங்க பத்து பேர் பத்து சொல்லுவாங்க'ன்னீங்க."

ஜெரால்டின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நான் தாவாவ் கதைய முழுசா சொன்னேன் டாக்டர். நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. நடுவுல நடுவுல 'ம்' சொன்னீங்க. கடைசியில, 'புதுசா எதையும் ஆரம்பிக்காதே. ஓடிட்டு இருக்கறத நிறுத்தாதே. நான் வரேன். நான் வர்ற வரைக்கும் யாரும் கையெழுத்து போட வேணாம்'ன்னீங்க. அவ்வளவுதான்."

"போன்னு சொல்லலையா?"

"இல்ல."

"போகாதேன்னு?"

"இல்ல டாக்டர்."

எங்கோ தோட்டத்துக்குள் லோரி ஒன்று கியர் மாற்றுவது கேட்டது. ஜெரால்டினுக்குள் இறுக்கமாகப் பிடித்திருந்த ஏதோ விட்டது. அது நிம்மதியா ஏமாற்றமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நான் தூங்கிட்டு இருந்தேன்மா" என்றாள். "ஒன்னுமே ஞாபகம் இல்ல. ஏதோ பேஷன்ட்டுன்னு நெனச்சு பேசியிருக்கேன். சொரி."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆன்-கால்ல எத்தன தடவ உங்கள எழுப்பியிருக்கேன். தூங்கும்போது உங்க குரல் வேற மாதிரி இருக்கும். மெதுவா." மாதவி திரையைப் பார்த்தபடி சொன்னாள். "தெரிஞ்சுதான் கூப்ட்டேன் டாக்டர். போஸ்ட்-கால், இந்நேரம் தூங்கிட்டு இருப்பீங்கன்னு. முழிச்சிருக்கறவங்க எல்லாரையும் கேட்டுட்டேன். எல்லாரும் அவங்க கதையத்தான் சொல்றாங்க. அந்த டாக் குடுத்தீங்களே, மரம் போட்டு, அத பூரா எழுதி வெச்சிருக்கேன். மூணு நாளா படிக்கிறேன். ஒன்னும் யூஸ் ஆகல, சொரி."

கேட்டருகே லியோனல் இருமினான். அது இருமலில்லை என்று ஜெரால்டினுக்குத் தெரியும்.

திரை மங்கியது. மாதவி விரலால் தொட்டாள், மறுபடி வெளிச்சம் வந்தது. நான்கு நாற்பத்து நான்கு. குமுதா இனிப்புச் சிராப் தண்ணீர் கலந்து கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. தோட்டத்துக்கு மேல் வானம் நீலத்தைக் கரைத்துவிட்டதுபோல் இருண்டு வந்தது. ஜெரால்டினின் கண் தானாக மூடியது. மூடிய கண்ணுக்குள் மணல் மேசையும், அதன் மேல் டெலிபோனும் இருந்தன. அந்த நிதானமானவள் இங்கேதான் எங்கோ இருக்கிறாள். அவளிடம் கேட்டால் அடுத்தது என்ன சொல்வாள்? நோயாளியைப் பார்க்க வந்தாயிற்று. வந்த பிறகு வழக்கமாக என்ன செய்வோம்?

"சரி" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "ப்ரெசன்ட் பண்ணு."

"டாக்டர்?"

"கேஸ். மொதல்லேர்ந்து சொல்லு."

மாதவி ஒரு கணம் விழித்தாள். பிறகு முதுகு நிமிர்ந்தது. வார்டில் நோயாளியின் ஃபைலைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டாள். "இருபத்தாறு வயசு, பொண்ணு. இதுக்கு முன்னாடி பெருசா ஒன்னும் இல்ல. அலர்ஜி..." நிறுத்தினாள். "'உன் இஷ்டம்'ங்கிற வார்த்தை." குமுதா வாயைப் பொத்திச் சிரித்தாள். மாதவி சிரிக்கவில்லை. "அப்பா இல்ல. அம்மா கூட இருக்கா. அம்மாவுக்கு முட்டி வலி, மாசம் ஒரு தடவ கிளினிக். ஜூன் ஏழாம் தேதி கல்யாணம், மண்டபம் புக் பண்ணியாச்சு. அவரு நல்லவரு. தாவாவுக்கு வர மாட்டேன்னு சொல்லல. வரேன்னும் சொல்லல." குரல் கொஞ்சம் உள்ளே போனது. "எனக்கு இந்த வேல புடிக்கும் டாக்டர். வார்ட் புடிக்கும். கிளினிக்ல உக்காந்து லீவுக்கு எம்சி எழுதிக் குடுக்க... செய்யலாம். செத்துட மாட்டேன். ஆனா எனக்கு வார்ட்தான் புடிக்கும். அத யார்கிட்டயும் இன்னும் சொல்லல. அவர்கிட்ட கூட. சொன்னா, என் இஷ்டம் இல்லாம போயிரும்னு பயம்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

ஜெரால்டின் கண்ணைத் திறந்தாள். பதினோரு வருடமாக, ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு கட்டில் ஓரத்திலும், ஒவ்வொரு இளம் மருத்துவரிடமும் கேட்டுக்கேட்டு வாய் பழகிய கேள்வி. அதைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை நகரக் கூடாது. பதில் சரியென்றால் கீழே தானும் கையெழுத்துப் போட வேண்டும். தவறாகப் போனால் இரண்டு பேர் பெயரும் அந்தத் தாளில் இருக்கும். எட்டு வருடத்துக்கு முன் அந்த நாற்பது நிமிடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி என்பது, அதைச் சொல்ல வாயெடுத்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"உன் ப்ளான் என்ன?"

மாதவி வாய் திறக்க, மழை விழுந்தது. தூறலாகத் தொடங்காமல் ஒரே அடியாக விழுந்தது. தகரக் கூரை முழுவதும் முழங்கியது. "ஐயோ, துணி!" என்று குமுதா எழுந்ததும், கேட்டிலிருந்த லியோனல் அவளுக்கு முன்னால் ஓடிக் கொடியிலிருந்து நீல உடுப்புகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டான். மாதவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. ஜெரால்டின் நாற்காலியை நகர்த்தி, மூச்சு வாங்கும் நோயாளியிடம் குனிவதுபோல் குனிந்து, அவள் வாயருகே காதைக் கொண்டுபோனாள். மாதவி சொன்னாள். நீளமாகச் சொன்னாள். ஜெரால்டின் ஒன்று கேட்டாள். அதற்கும் அவள் பதில் சொன்னாள். பிறகு ஜெரால்டின் தலையசைத்தாள்.

நான்கு ஐம்பத்தாறு. மாதவி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணாடியில் இரண்டு சின்ன வெள்ளைச் சதுரங்கள் தெரிந்தன. ஜெரால்டின் எழுந்து போகாமல் அவள் நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இறங்கியது. சதுரங்கள் ஒருமுறை நிறம் மாறி, கணினியின் மூடி சாத்தப்பட்டதும் அணைந்தன. அந்த இடத்தில் மழையும், மழைக்குப் பின்னால் திறந்து கிடந்த செம்பனை வரிசையும், அதன் முடிவிலிருந்த வெளிச்சமும் தெரிந்தன.

லியோனல் கூரையின் மறு ஓரத்தில் நின்றான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த நீல உடுப்புகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், பிள்ளையைப் பிடிப்பதுபோல் ஒரு கையால் அணைத்திருந்தான். ஜெரால்டினைப் பார்த்து ஏதோ கேட்டான். மழையில் கேட்கவில்லை. சின்னக் கேள்விதான், அவள் மாதவியிடம் கேட்டதைப் போல மூன்று சொற்கள்தான் இருக்கும். அவள் காதருகே கையைக் குவித்து, திரும்பச் சொல்லும்படி காட்டினாள்.